செவ்வந்தி கொடுத்த ஊஞ்சல்

"மயிலு போச்சு. கறவை மாடு போச்சு. ஊஞ்சலக்கூட உட்டு வைக்கல ரேகா. எவனோ உள்ள பூந்து மொத்தமா அள்ளினு போய்ட்டான்."

அமல்ராஜ் கட்டிலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். அம்பத்தூரில் இரண்டாம் மாடி வாடகை வீட்டில் மாடும் மயிலும் எங்கிருந்து வரும்? எல்லாம் அவன் செல்போனில் ஆடும் கிராமத்து விளையாட்டில் சேர்த்து வைத்திருந்தவை.

ரேகா குக்கரை மூடிவிட்டுத் திரும்பினாள். "எப்டிப் போச்சு?"

"பரிசு விழுந்துகீதுன்னு ஒரு லிங்க் வந்துச்சு. தொட்டேன். பாஸ்வேர்டை மாத்திட்டு எல்லாத்தையும் அவன் கணக்குக்குத் தள்ளிகினான்."

முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள ரேகா படாத பாடு பட்டாள். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அந்தத் திருடன் மட்டும் எதிரே வந்தால் உட்கார வைத்து மோர் கொடுத்திருப்பாள்.

காரணம் செவ்வந்தி. அந்த விளையாட்டில் அமல்ராஜின் பெயர் காளையன். பக்கத்து நிலம் செவ்வந்தியுடையது. பாடியில் கம்பெனி வேலை முடிந்து பஸ் ஏறியதுமே அவளோடு ஆட்டம் தொடங்கிவிடும். மயில் அவள் கொடுத்தது. மாடு அவள் கொடுத்தது. போன பொங்கலுக்கு அந்த ஊஞ்சலையும் அவள்தான் கொடுத்தாள்.

"யாரு இந்தச் செவ்வந்தி?" என்று ரேகா ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள்.

"தெரிஞ்சவங்கதான்" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒருநாள் அவன் குளிக்கப் போயிருந்தபோது போனை எடுத்துப் படித்தாள். 'சாப்ட்டியா' என்று செவ்வந்தி கேட்டிருந்தாள். 'சாப்ட்டேன், நீங்க?' என்று இவன். 'ஊட்ல நல்லா கீறாங்களா' என்று அவள். கொஞ்சிப் பேசியிருந்தால்கூட ரேகா பொறுத்திருப்பாள். நான் இருக்கேனா போய்ச் சேர்ந்தேனா என்றல்லவா விசாரிக்கிறாள் என்று வயிறு எரிந்தது.

இவனுக்காக வேப்பம்பட்டில் பிறந்த வீட்டையே விட்டு வந்தவள் ரேகா. வேறு மதத்துக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று அப்பா வேம்புலி அவளைத் தலைமுழுகிவிட்டார். அப்படி வந்தவளிடம் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச இவனுக்கு நேரமில்லை. எவளோ ஒருத்தி சாப்பிட்டாளா என்று கேட்க மட்டும் நேரமிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் பூசைக்குக்கூடப் போகாமல் விளையாட்டுக் கம்பெனிக்கு எழுதிக்கொண்டிருந்தான் அமல்ராஜ். பதில் வந்ததும் முகம் மலர்ந்தது.

"எல்லாத்தையும் திருப்பிக் குடுக்கறாங்களாம். கணக்கு என்னுதுதான்னு காட்டணும். கணக்கு தொறக்கறப்ப என் சிம் அவுட்டாயி கெடந்துச்சுன்னு உன் நம்பரைத்தான குடுத்தேன்? அதுக்கு ஒரு கோடு நம்பர் வரும். பாத்துச் சொல்லு."

சமையல் மேடை மேல் கிடந்த போன் சிணுங்கியது. ரேகா எண்ணைப் பார்த்தாள். அழித்தாள்.

"ஒண்ணும் வரலியே."

"மறுபடி கேக்கறேன். மூணு தடவைக்கு மேல அனுப்ப மாட்டாங்க."

மறுபடி சிணுங்கியது. மறுபடி அழித்தாள். "டவர் இல்ல போல."

அமல்ராஜ் எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றான். சவரம் செய்யாத முகம் வாடிப்போயிருந்தது. "மாடு, மயிலு எதுவும் வேணா ரேகா. அந்த ஊஞ்சல் வந்தா போதும். ஆசையா குடுத்தாங்க. அந்தத் திருட்டுப் பய என் பேர்ல போயி அவங்ககிட்டயும் சுருட்டிகினான். நான்தான் ஏமாத்திட்டேன்னு நெனச்சினு இருப்பாங்க."

அவங்க. அவங்ககிட்ட. பெற்ற தாயைக்கூட இவன் இவ்வளவு மரியாதையாகச் சொல்லி ரேகா கேட்டதில்லை.

மூன்றாவது தடவை போன் சிணுங்கியது. அவள் விரல் கொஞ்சம் தயங்கியது. பாவம், சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. 'ஆசையா குடுத்தாங்க' என்று அவன் குரல் குழைந்தது ஞாபகம் வந்தது.

அழித்தாள். "வரல" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அவன் போனுக்குத் தகவல் வந்தது. மூன்று தடவையும் கோடு நம்பர் போடாததால் கணக்கை நிரந்தரமாக மூடிவிட்டார்களாம். அமல்ராஜ் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். பிறகு அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஒரு விளையாட்டுக்காகக் கண் கலங்குகிறானே என்று ரேகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போனா போவுது, உடு. புதுசா ஒரு கணக்கு தொறந்து அவளையே தேடிப் புடி. அவ இல்லன்னா உனக்குச் சோறு எறங்காதா?"

"அவங்க புதுசா வர்றவங்களச் சேத்துக்க மாட்டாங்க. இனிமே என்னையும் நம்ப மாட்டாங்க."

"அப்டி இன்னா பெரிய மகாராணி அவ?"

அமல்ராஜ் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாங்க. அதான் இத்தினி நாளா சொல்லல" என்றான்.

ரேகா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்க அப்பா என்கூடப் பேசினது அந்த ஒரு எடத்துலதான், ரேகா."