சீம்பால்

புதுப் பசு கன்று போட்டதென்று இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்குச் சீம்பால் கொண்டுவந்தார். ஒப்பந்தக் கம்ப்யூட்டர் ஆபரேட்டரான எனக்கும் கிடைத்தது. போனில் பசுவின் படத்தைக் காட்டினார். “இடது கொம்பு முறிஞ்சது தம்பி. ஆனா பாலைப் பாரு.”

மதியம் ராணுவ உளவு அதிகாரி ஒருவர் வந்து ட்ரோன் வீடியோவை ஓட்டினார். போன மாதத்துக் குந்தாரப்பள்ளிச் சந்தை. துண்டால் மூடி இருவர் கைபிடித்து நின்றார்கள். ஒருவர் மாட்டுத் தரகர் கங்கப்பன். இன்னொருவரின் முதுகு மட்டும் தெரிந்தது.

“ரகசியமா எதையோ கைமாத்தறாங்க. ரெண்டு பேரும் வேணும்.”

“சார், அது மாட்டு விலை பேசறதுங்க. அடுத்தவனுக்குத் தெரியாம விரலைப் பிடிச்சு விலை சொல்லுவாங்க,” என்றேன்.

இன்ஸ்பெக்டர் முறைத்தார். “மிலிட்டரிக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா? சாயங்காலக் காலேஜுல இதான் பாடமா?”

எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

கங்கப்பனை இழுத்துவந்தார்கள். இன்ஸ்பெக்டரைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. “சாமி, நீங்களே சொல்லுங்க...”

லத்தி வாயில் விழுந்தது. தாடை உடைந்துவிட்டது.

“வாயில ஏன் அடிச்சீங்க? இனி எப்படிப் பேசுவான்?” என்றார் அதிகாரி எரிச்சலாக.

“எதிர்த்துப் பேசினான் சார்.”

மாலையில் அறிக்கைக்குப் படம் எடுக்க வீடியோவை நிறுத்தினேன். அதுவரை எல்லோரும் மனிதர்களையே பார்த்திருந்தோம். அவர்கள் பக்கத்தில் ஒரு சினைப்பசு நின்றது. இடது கொம்பு முறிந்திருந்தது.

தோளில் ஒரு கை விழுந்தது.

“படத்துல மாடு வேண்டாம் தம்பி, எடுத்துடு. டப்பாவுல சீம்பால் மிச்சமிருக்கு, சாப்பிடு.”

டப்பாவைத் திறந்தேன். ஒரு வாய் விழுங்கிக்கொண்டு, படத்திலிருந்து மாட்டை எடுத்தேன்.