ஒரு எழுத்து விடாமல்

கம்ப்யூட்டர் மறுபடியும் எரராகக் கொட்டியது.

நான் கடைசி வரியை மட்டும் படித்துச் சொன்னேன். லோஷினிக்குக் கோபம் வந்துவிட்டது.

"கடைசி வரிய விடுங்க லா. மொதல்ல வந்த எரர படிங்க, ஒரு எழுத்து விடாம."

என் மனைவி இப்படித்தான். நான் கையுறைத் தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவன். கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. டைப் அடிப்பது அவள், படிப்பது நான் என்று ஏற்பாடு. என் தூக்கம் போனதுதான் மிச்சம்.

காலையில் ஏதோ அப்டேட் போட்டாள். அதோடு அவளுடைய புரோகிராம் படுத்துவிட்டது. திரும்ப பில்ட் செய்தால், அதாவது புதிதாகக் கட்டி எழுப்பினால், பாதியில் நின்றுவிடுகிறது. மூன்று மணிக்கு ஆன்லைன் பரீட்சை. அந்த புரோகிராம் ஓடாமல் அவளால் எழுத முடியாது. எழுதாவிட்டால் செடெனாக் ஊர் டேட்டா சென்டர் வேலை போன மாதிரிதான். அந்த வேலைக்காக அவள் ஏங்கிய ஏக்கம் எனக்குத்தான் தெரியும்.

மேலே போய் முதல் எரரைப் படித்தேன். புரோகிராம் தேடும் ஏதோ ஒன்று லைப்ரரி என்கிற அதன் துணைக் கோப்புக்குள் இல்லையாம். காலையில் போட்ட புது லைப்ரரியில் அது கண்டிப்பாக இருக்கிறது என்று அவள் சாதித்தாள். அப்படியானால் இது எந்த லைப்ரரியைப் போய்ப் பிடிக்கிறது என்று யோசித்தவள், ஒரு கட்டளை அடித்தாள்.

சாய்கோடு சாய்கோடாக நீளமாக ஒரு முகவரி வந்தது. நான் பாதியை முழுங்கிவிட்டேன். அவள் விடுவாளா? முழுவதையும் திரும்பப் படிக்க வைத்தாள். நடுவில் 'லோக்கல்' என்று நான் சொன்னதும் அவள் விரல்கள் நின்றன. பிறகு சிரித்தாள்.

அவளோடு படித்த விஜயன், சிங்கப்பூர் வேலைக்குப் போகும் முன் உதவி செய்கிறேன் என்று கையாலேயே காப்பி செய்து போட்ட பழைய லைப்ரரி அந்த 'லோக்கல்' ஃபோல்டரில் கிடக்கிறதாம். புதியது இன்னொரு ஃபோல்டரில் சும்மா இருக்க, கம்ப்யூட்டர் பழையதையே முதலில் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நான் முழுங்கிய பாதியில்தான் விஷயமே இருந்திருக்கிறது. இவளைக் கட்டியது என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

பழையதை நீக்கிவிட்டு மறுபடி பில்ட் செய்தாள். இந்த முறை எரர் வரவில்லை.

புரோகிராமைத் தொடங்கியதும் ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல், திரையில் இருந்ததையெல்லாம் மடமடவென்று படிக்க ஆரம்பித்தது. எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. அவளுக்கு அந்த வேகமும் போதாமல் இன்னும் கூட்டினாள்.

"இனிமே இவன் படிப்பான். நீங்க போய்ப் படுங்க."

எழுந்தேன். நான் பகலில் தூங்குவதற்காகக் கனத்த திரைச்சீலை போட்ட அறை அது. மானிட்டரை அணைத்தேன். விளக்கையும் அணைத்தேன். இரண்டும் எனக்காகப் போட்டவைதான், அவளுக்கு வெளிச்சமும் இருட்டும் ஒன்றுதான்.

ஹாலில் படுத்துக்கொள்ளலாம் என்று வெளியே வந்து கதவைச் சாத்தும்போது, உள்ளே இருட்டில் லோஷினி பரீட்சைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.