காலிக் குப்பிகள்

மார்ஃபின் விஷயத்தில் நான் யாருக்கும் வளைந்து கொடுக்க மாட்டேன். கழுத்தை உடைத்து மருந்தெடுத்த காலிக் கண்ணாடிக் குப்பியைத் தந்தால்தான் புதுக் குப்பி. கணக்கில் ஒன்று உதைத்தாலும் இந்தக் கிர்கிஸ்தான் ஊரான நாரினில் எங்கள் மருந்தகத்தை மூடிவிட்டு என்னைச் சிறைக்கு அனுப்பிவிடுவார்கள்.

தன் கணவர் புற்றுநோயில் இறந்ததும் புருல்சா மிச்சமிருந்த மூன்று முழுக் குப்பிகளை ஒப்படைத்தாள். இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் கழுத்தில்தான் தொங்குகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை, இறந்தவருக்காகப் பொரித்த போர்சோக் ரொட்டியோடு மருந்தக ஜன்னலுக்கு வந்தாள்.

"முகம் தெளிஞ்சிருக்கே. தூக்கம் வருதா?"

"வருதுக்கா. புதைச்ச பிறகும் அவர் முனகல் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. மூணு ராத்திரியாத்தான் கேக்கல."

"மருந்தைப் பூட்டி வச்சுட்டேன்ல, எனக்குப் பயந்திருப்பார்," என்று சிரித்தேன்.

அன்று அந்தக் குப்பிகளை அழிக்க அனுப்ப வேண்டும். அவளுக்கு முதுகைக் காட்டிப் பெட்டியைத் திறந்தேன். மூன்றும் இருந்தன. ஒன்றின் கழுத்தும் உடைபடவில்லை. உள்ளே ஒரு சொட்டு மருந்தில்லை.

பெட்டிக் கதவைச் சாத்திப் பூட்டினேன்.

"இன்னைக்கு விடியக்காலைல மறுபடி முனக ஆரம்பிச்சுட்டார்," என்றாள் புருல்சா. "காலியைக் காட்டினா புதுசு தருவீங்கல்ல, அக்கா?"