ஏழாம் எண் பனியன்

"கிழவன் வேலையைக் காட்டிட்டான்" என்றார் மேனேஜர்.

திரையில் பத்துக் கோடுகள். பத்துத் தொழிலாளர்கள் ஒரு வாரமாக அணிந்திருக்கும் பனியன்கள் காட்டும் உடல்சூடு. துணிக்குள் தைத்த சென்சார்கள், கம்பியில்லாமலே அனுப்பிக்கொண்டிருந்தன.

ஒன்பது கோடுகள் சாதுவாகப் போயின. ஏழாவது மட்டும் தினமும் மதியம் ஒன்று பத்துக்கு ஏறி, இரண்டு மணிக்கு இறங்கியது. அதுவும் இடது மார்பில் மட்டும்.

ஏழாம் எண், மெஷின் மெக்கானிக்குடையது. எதற்கெடுத்தாலும் பொரிந்து தள்ளுவதால் அவர் பெயரே கடுகு.

"எனக்குக் காய்ச்சல்னா எனக்குத் தெரியாதா? பனியன் வந்து சொல்லணுமா?" என்று முதல் நாளே கேட்டவர்.

"இந்தச் சோதனையைக் கெடுக்கணும்னே சாப்பாட்டு நேரத்துல பாய்லர்கிட்ட போய் நின்னு சூடு காட்டறான்மா" என்றார் மேனேஜர். " நீ பார்த்துட்டு வந்து எழுதிக் குடு. இன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடறேன்."

பனியனை உருவாக்கிய இன்ஜினியர் பெண் தலையாட்டினாள். அவர் செய்த வேலையென்றால் அவர் பிழைப்பு போகும். இல்லையென்றால் சென்சார் கோளாறு. அவளுடைய இரண்டு வருட உழைப்பு போகும்.

அவர் செய்ததாகவே இருக்கட்டும் என்று நினைத்தாள். நினைத்தது கொஞ்சம் கூசியது.

ஒன்று பத்து. பனியனின் சிக்னல் பத்தடிக்குள் வந்தால் கைபேசி கூவும். அதை ஏந்திக்கொண்டு நடந்தாள்.

பாய்லர் பக்கம் கூவவில்லை. கேன்டீனிலும் இல்லை.

தையல் பிரிவைத் தாண்டும்போது கூவியது. கடைசியில் இருந்தது குழந்தைகள் அறை. அதைத் திறந்த அன்று, "இது கம்பெனியா, தொட்டில் கடையா?" என்று கடுகு போட்ட சண்டை எல்லாருக்கும் தெரியும்.

கதவைத் தள்ளினாள்.

சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, தரையில் உட்கார்ந்திருந்தார் கடுகு. அவர் இடது மார்பில் வாய் பிளந்து தூங்கியது, புதிதாகச் சேர்ந்த தையல்காரியின் மூன்று மாதப் பிள்ளை.

"யார் தூக்கினாலும் கத்துவான்மா" என்றாள் ஆயா, சாப்பிட்டுக்கொண்டே. "இவன் அம்மா வேலையே வேணாம்னு கிளம்பப் பார்த்தா. இவர்தான் வந்து வாங்கிக்கிட்டார். வலது பக்கம் போட்டா முழிச்சிக்குவான் இந்தக் குட்டித் துரை."

கடுகின் முகம் சிவந்தது. "சத்தம் தாங்கல. அதான். வேற ஒண்ணுமில்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் லேசாகக் கலங்கியது.

"மேனேஜர்தானே அனுப்பினார்? என்ன எழுதிக் குடுக்கப் போறீங்க, இன்ஜினியரம்மா?" என்றார் கடுகு.

"சென்சாரை நம்பலாம்னு."

"அப்ப நான்?"

"உங்களையும்தாண்ணே."

"சரி சரி, மெதுவாப் பேசுங்க" என்று பொரிந்தார் கடுகு, குரலே எழாமல். "எழுந்துடப் போறான்."