நிதிக் குழு வந்த நாள்

கல்லூரி ஆராய்ச்சியாளர்களுக்கு எங்கே நிதி கிடைக்கும் என்று தேடித் தருவது சாந்திமதியின் வேலை. பாலாற்று ஊற்றுகளை ஆராய்ந்த அண்ணன் மகாவீரனுக்கும் அவளே விண்ணப்பித்திருந்தாள். பதில் வருவதற்குள் அவன் காமாலையில் இறந்துபோனான்.

ஆற்றைப் பார்வையிட நிதிக் குழுவின் பேராசிரியர் சென்னையிலிருந்து நேராக ஓரிக்கை ஆற்றங்கரைக்கே வந்துவிட்டார். அண்ணன் இறந்துவிட்ட விஷயத்தைச் சொல்ல அவள் அலுவலகத்திலிருந்து பஸ் பிடித்து ஓடினாள். அவர் கரையேறிக்கொண்டிருந்தார்.

"உங்க அண்ணன் எல்லா ஊற்றையும் காட்டிட்டாரும்மா. நிதி உறுதி."

அவளுக்கு அழுகை வரவில்லை. "ரொம்ப நேரமா நின்னுக்கினு இருந்தாரா, சார்?"

"காலையிலேருந்தாம். டீக்குக் கூப்பிட்டேன், வரலை. பொழுது சாயறதுக்குள்ள தங்கச்சி சோறு எடுத்துக்கினு வரும்னாரு."

மணலில் யாருமில்லை. சாந்திமதி இறங்கிப்போய், தன் மதியச் சோற்றைத் திறந்துவைத்து, வெயில் தாழும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.