மூன்றாவது ரீல்

பனியில் விறைத்துச் செத்துக் கிடந்த ஆடு, அடுத்த ரீலில் எழுந்து நின்று கிழவனின் தொப்பியைத் தின்றது.

சுல்ஃபத் சட்டென்று புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

கொச்சி மட்டாஞ்சேரி வாசகசாலையின் மாடியில், படம் காட்டும் மிஷினை ஒட்டிப் போட்ட முக்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். மிஷின் ஓட்டுவது அவள் புருஷன் மொய்து. வெளிச்சம் வராமலிருக்க ஜன்னல்களில் கட்டிய சாக்குகளில் சுக்கு வாசம். முன்னால் ஃபிலிம் சொசைட்டியின் முப்பது மெம்பர்கள்.

படப்பெட்டி வந்தால் முதல் நாளே வீட்டுச் சுவரில் ஓட்டிப் பார்த்துவிடுவது மொய்துவின் வழக்கம். அதனால் நேற்று சனிக்கிழமையே அவள் முழுப் படத்தையும் பார்த்திருந்தாள். எந்த நாட்டுப் படமோ, பேச்சு ஒரு எழவும் புரியவில்லை. ஆனாலும் ஆடு சாகிற மூன்றாவது, கடைசி ரீலில் தேம்பித் தேம்பி அழுதாள்.

பெருநாள் பிரியாணிக்கு ஆடு அறுக்கும்போது அழாதவள் இதற்கு அழுகிறாளே என்று மொய்து கேலி செய்தான்.

அந்தக் கடைசி ரீலைத்தான் இப்போது நடுவில் ஓட்டித் தொலைத்திருக்கிறான், பாவி மனுஷன்.

போன மாதம் ஃபிலிம் அறுந்தபோதே செக்ரட்டரி வைத்தீஸ்வரன் கறாராகச் சொல்லிவிட்டார், இன்னொரு தப்பு நடந்தால் வேறு ஆள் பார்ப்போம் என்று. வாரம் முழுக்கக் கிடங்கில் மூட்டை தைப்பது மொய்துவின் வயிற்றுக்கு. இந்த மிஷின்தான் அவனுக்கு உயிர்.

கிழவனும் ஆடும் ஆற்றில் குதித்து நீந்தினார்கள். திரை வெள்ளையானது.

விளக்கைப் போட்டதும் எல்லாரிடமும் அபிப்பிராயம் கேட்கிற வைத்தீஸ்வரன், இன்று நேராக மிஷின் பக்கம் திரும்பினார்.

"செத்த ஆடு எப்படிய்யா திரும்பி வந்தது?"

முப்பது தலைகளும் திரும்பின. மொய்து குனிந்து ரீலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டு வருஷமாக அந்த மாடியில் வாயே திறக்காத சுல்ஃபத், தலையில் போட்டிருந்த தட்டத்தை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"எங்க வாப்பா மவுத்தாயி பதினோரு வருஷம் ஆவுது. இப்பவும் நான் அடுப்பு மூட்டுனா சாயா கேக்குறாரு. போனவங்க வரமாட்டாங்கன்னு யாரு சொன்னது?"

ஒருவர் கை தட்டினார். மாடியே தட்டியது. வைத்தீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அபாரம்" என்றார். படத்தைச் சொன்னாரா, அவளைச் சொன்னாரா, தெரியவில்லை.

யூதர் தெருவான ஜூ டவுன் வழியாக வீட்டுக்கு நடக்கையில் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. படித்தவர்கள் முப்பது பேரை வாயடைக்க வைத்தது பெருமையாகவும் இருந்தது. மொய்துவின் முதுகில் ஒன்று வைத்தாள்.

"டப்பா மேல மூணுன்னு எழுதியிருக்குல்ல? உங்களுக்கு அது கண்ணா புண்ணா?"

மொய்து சிரித்தான்.

"பாத்துதான் மாட்டினேன். நேத்து அந்த ஆடு செத்ததுல இருந்து நீ ஒரு வாய் சோறு திங்கலையே."