ஒரே வண்டி

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய எஸ்.டி.டி. பூத்துக்குள் ஜெயபுஷ்பம் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறாள். கண்ணாடிக் கதவில் சாயங்கால வெயில் மஞ்சளாகப் படிந்திருக்கிறது. வெளியே ஈரத்தோல் ஏற்றிய லாரி ஒன்று போகிறது; அதன் வாடை கதவிடுக்கு வழியாக உள்ளே வருகிறது. மறுமுனையில், மஸ்கட்டிலிருந்து மகன் ஜோவின். அவனிடம் சொல்கிறாள்: "கிறிஸ்துமஸுக்கு நீ வர்ற ஃப்ளைட் காலைல மெட்ராஸ்ல எறங்கிடும். லண்டன்லேர்ந்து ரெனிட்டா வர்றது மத்தியானம்தான். அக்கா வர்ற வரிக்கும் ஏர்போர்ட்லயே இருடா. ஒரே வண்டிதான் சொல்லியிருக்கேன்." அப்பாவை அடக்கம் செய்த அன்று வீட்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்ட அக்காளும் தம்பியும் அதற்குப் பிறகு பேசிக்கொண்டதே இல்லை. தனி வண்டி வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவானோ என்று அவளுக்குப் பயம். லைனில் இரைச்சல். டெலிபோன் வயரை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள். "இன்னாடா, கேக்குதா?" "கேக்குதும்மா." தொண்டையைச் செருமிக்கொள்கிறான். "பின்னாடி ஒக்காந்தா அக்காவுக்கு வாந்தி வரும். முன் சீட்டு அதுக்குன்னு டிரைவர்கிட்ட சொல்லிடு." ஜெயபுஷ்பம் சரியென்று தலையாட்டுகிறாள். தலையாட்டினால் அவனுக்குத் தெரியாது என்பது கொஞ்சம் கழித்துத்தான் அவளுக்கு உறைக்கிறது.